ஒரு நாள் கூடுதல்

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் விளிம்பில் சின்ன வைஸ் இடுக்கியை முடுக்கி, கைக்கு அகப்பட்ட சாவி ஒன்றை அதன் வாயில் கவ்வவைத்து அக்கா ராவத் தொடங்கினாள். அரத்தால் முன்னோக்கி இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம், பித்தளைத் தூளை ஊதிவிட ஒரு மூச்சு. மறுபடி இரண்டு இழுப்பு. கட்டிலில் வாயைத் திறந்தபடி இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த தம்பியின் நெற்றி மெல்லத் தளர்ந்தது. போர்வையைப் பிறாண்டிக்கொண்டிருந்த விரல்கள் அடங்கின.

"பாத்தியா, தூங்கறான்" என்றாள் அக்கா.

"அவன் தூங்கறது இருக்கட்டும். உன் மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா நீ? வெளுத்துப் போய்க் கிடக்கு" என்றாள் தங்கை.

தங்கை பள்ளிக்கூடத்து ஆசிரியை. யாரைப் பார்த்தாலும் எதையாவது திருத்தாமல் விடமாட்டாள். காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் திருத்த ஆரம்பித்திருந்தாள். தலையணை உயரம் போதாது, ஜன்னல் இவ்வளவு திறந்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அக்கா பதில் சொன்னாள். டாக்டர் நேற்றே வந்து பார்த்துவிட்டார், சளி இரண்டு நுரையீரலையும் அடைத்துவிட்டது, குழாய் செருகினால் இவன் பிடுங்கிப் போட்டுவிடுவான், வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னார். இன்றோ நாளையோ என்றும் சொன்னார்.

தெருவில் சாவிக்கடை அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். முன்கட்டு கடை, பின்கட்டு வீடு. அப்பா விட்டுப்போன சாவி வெட்டும் மெஷினை நாற்பது வருஷமாக ஓட்டிவருகிறாள். வயது அறுபத்தாறு. தம்பிக்கு ஐம்பத்தெட்டு. ஆனால் ஆறு வயதில் வந்த ஒரு மூளைக் காய்ச்சலோடு அவன் புத்தி அங்கேயே நின்றுகொண்டது. உடம்பு மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்து, தொந்தி போட்டு, வழுக்கை விழுந்தது. அக்கா "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே அவன் தம்பியாகிவிட்டான். அவனைவிட மூன்று வயது சின்னவளான தங்கையும் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடம் போகிற வாண்டுகள்கூட "தம்பி, டாட்டா" என்று கையாட்டிவிட்டுப் போகும். அவனும் பெரிய மனுஷத் தோரணையில் கையாட்டுவான்.

கடையில் அவனுக்கும் ஒரு வேலை உண்டு. யாராவது பழைய சாவியைக் கொடுத்து இன்னொன்று கேட்டால், சுவரில் தொங்கும் முந்நூறு வெட்டாத சாவிகளில் அதற்குப் பொருத்தமானது எது என்று பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பான். ஒருநாளும் தப்பினதில்லை. அக்கா வெட்டி, அரத்தால் பிசிறு ராவி முடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருப்பான். முடிந்ததும் ஒரே கேள்வி.

"தொறந்துச்சா?"

சாவிக்காரர் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால்தானே தெரியும். ஆனாலும் அக்கா "தொறந்துச்சுடா" என்பாள். அதைக் கேட்டால்தான் அவன் அடுத்த வேலைக்கு எழுந்திருப்பான்.

மணி ஒன்பதரை இருக்கும்போது அக்காவின் இடது தோளில் அது ஆரம்பித்தது. முதலில் யாரோ விரலால் அழுத்துகிற மாதிரி. பிறகு கை முழுக்க இறங்கியது. அவள் காட்டிக்கொள்ளவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு ராவலைத் தொடர்ந்தாள்.

தங்கை பார்த்துவிட்டாள். "குடு இப்படி. நான் ராவறேன். நீ போய்ப் படு."

"உனக்கு வராதுடி."

"நானும் இதே வீட்ல பொறந்தவதான். குடுக்கா."

அரத்தைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு இழுப்பு இழுத்தாள். தம்பி கண்ணைத் திறந்தான். ஆள் யார் என்று பார்க்கும் தெம்பு அவனுக்கு இல்லை. ஆனாலும் முகத்தைச் சுளித்தான் பாருங்கள், சாப்பாட்டில் கல் கடிபட்டவன் மாதிரி. விரல்கள் மறுபடியும் போர்வையைத் தேடத் தொடங்கின. உயிர் போகிற நேரத்திலும் அவனுக்கு வேலை சுத்தமாக நடக்கவேண்டும். தங்கை அரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம், ஒரு மூச்சு. ஊதுகிற சாக்கில் அக்கா தன் மூச்சையும் வாங்கிக்கொண்டாள். அப்படியே உதடு அசையாமல் கடவுளோடு பேசினாள்.

"பேச்சு மாறாதே. ரெண்டு வருஷமா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டிருக்கேன். இப்ப கடைசி நேரத்துல காலை வாரிவிடாதே."

அவளுடைய பிரார்த்தனையே ஒரு தனி ரகம். கடைக்குச் சரக்கு எழுதிப் போடுகிற மாதிரி இருக்கும். என்ன வேண்டும், எத்தனை வேண்டும், எப்போதைக்கு வேண்டும். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. சாவி வெட்டுகிறவள் அல்லவா, தேவைக்குமேல் ஒரு நூலளவு போனாலும் வேலை கெட்டுப்போகும் என்று பழகியவள். அதே மாதிரி, கேட்டது வந்து சேர்ந்ததா என்றும் கவனித்துக்கொள்வாள். இன்று காலை ஆறு மணிக்கு மின்சாரம் போனபோது "தம்பிக்குக் காத்து வேணும், எட்டு மணிக்குள்ள" என்றாள். ஏழே முக்காலுக்கு மின்விசிறி சுற்றியது. "இவ பஸ்ஸு நேரத்துக்கு வரணும்" என்றாள். வந்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே பார்த்து ஒரு தலையசைப்பு. சாமான் இறக்கிவிட்டுப் போகிற வண்டிக்காரனுக்கு அசைப்பாளே, அதே அசைப்பு.

பெரிய ஆர்டர் ஒன்று மட்டும் இரண்டு வருஷமாக நிலுவையில் கிடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் அவள் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு, உள்ளே ஒரு வால்வு பழுதாகிவிட்டது, ஆறு மாசத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்றார். "மேசையிலேயே போயிடுவேனா டாக்டர்?" என்று கேட்டாள். அவர் நேர்மையான மனுஷர். நூறு பேரில் எட்டுப் பேருக்கு அப்படி ஆவதுண்டு என்றார். "அந்த எட்டுல நான் ஒருத்தியா இருந்தா இவனுக்கு யாரு சாப்பாடு ஊட்டறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அதை முதல்முறையாக வேண்டினாள். தம்பிக்கு ஊட்டி, வாய் துடைத்து, தூங்கவைத்துவிட்டு, கைகழுவும் தொட்டிக்குமுன் நின்று சொன்னாள்: "இவனை முதல்ல கூப்பிட்டுக்கோ. அதுக்கப்புறம் எனக்கு ஒரு நாள் போதும். எல்லாம் ஒழுங்கா முடிச்சிட்டு வர்றதுக்கு ஒரே ஒரு நாள் கூடுதல்." சொந்தத் தம்பி சாகவேண்டும் என்று கேட்கிற வாயா இது என்று தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளித்தாள். ஆனால் மறுநாள் காலையும் அதையே கேட்டாள். அதற்கு மறுநாளும். தினமும் காலையில் கடை திறப்பதற்குமுன் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்தவர்கள், தம்பிக்கு ஆயுசு கேட்கிறாள் என்று உச்சுக்கொட்டினார்கள்.

ஆறு மாசம் போயிற்று. ஒரு வருஷம் போயிற்று. "எப்படிம்மா நீங்க நடமாடறீங்க?" என்று டாக்டருக்கே ஆச்சரியம். இப்போது இரண்டு வருஷம். இன்று அக்காவும் தம்பியும் ஒரே அறையில் ஆளுக்கொரு மூச்சை இழுத்துக்கொண்டு கிடக்கிறார்கள். யார் மூச்சு முதலில் நிற்கும் என்பதுதான் கேள்வி.

பத்தரைக்கு வலி தாடைக்கு ஏறியது. இரண்டாவது மாத்திரை. புடவைத் தலைப்பால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். அரம் வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது. பொருட்படுத்தவில்லை. தங்கை பின்னால் வந்து அவள் முதுகைத் தன் வயிற்றோடு சேர்த்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருத்துவதற்கு அவளிடம் அப்போது ஒன்றும் மிச்சமில்லை.

பதினோரு மணிக்குமேல் தம்பி கண்ணைத் திறந்தான். இந்தத் தடவை முகம் சுளிக்கவில்லை. அக்காவையே பார்த்தான். உதடு அசைந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"தொறந்துச்சா?"

"தொறந்துச்சுடா கண்ணு."

அவன் சரி என்பதுபோல் ஒரு மூச்சு விட்டான். அடுத்த மூச்சு வரவில்லை.

இதைத் தங்கை பிற்பாடு பெரிய விஷயமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள், சொர்க்கவாசல் அது இது என்று. அக்காவுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அவன் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பது அதைத்தான். வழக்கம்போல வேலை முடிந்ததா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

"மணி பதினொண்ணு பத்து" என்றாள் தங்கை, கைக்கடிகாரத்தைப் பார்த்து. பரீட்சை அறையில் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

அக்கா அழவில்லை. அரத்தைக் கீழே வைத்தாள். தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். அடித்துக்கொண்டிருந்தது. தாறுமாறாக, நொண்டி நொண்டி, ஆனால் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவளுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. வெட்கங்கெட்ட, மறைக்கமுடியாத சந்தோஷம். ஜெயித்துவிட்டாள். அவன் ஒரு வேளைகூடப் பசித்துக் கிடக்கவில்லை. ஒரு ராத்திரிகூட அக்கா எங்கே என்று தேடி அழவில்லை. தெரியாதவர்கள் யாரும் அவனை ஒரு சொல் அதட்டவில்லை. ஐம்பத்தெட்டு வருஷத்தையும் முழுசாக, கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். மேலே பார்த்து, வண்டிக்காரனுக்கு அசைப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தலையை அசைத்தாள். அப்புறம்தான் குனிந்து அவன் முகத்தைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். அந்த முகம் இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடுதான் அவளை உடைத்தது. கொஞ்ச நேரம் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

பன்னிரண்டு மணிவாக்கில் ரொட்டிக்கடைக்காரர் கடை வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தார்.

"அக்கா, என் கோடவுன் சாவி ரெடியா? மாவு எடுக்கணும்."

விஷயம் தெரியாமல் வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்து, போர்வை முகம்வரை இழுத்திருப்பதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பத்து வருஷமாகத் தினமும் தம்பிக்கு ஒரு பன்னைச் சும்மா கொடுத்துவந்தவர்.

அக்கா எழுந்துபோய் ஆர்டர் தட்டைப் பார்த்தாள். ரொட்டிக்கடையின் சீட்டு இருந்தது. வெட்டாத புதுச் சாவி பளபளவென்று அப்படியே இருந்தது. மாதிரிக்கு அவர் கொடுத்திருந்த பழைய சாவியைக் காணவில்லை. ஒரு நிமிஷம் கழித்து அவளுக்குச் சுரீரென்றது. உள்ளே போய் வைஸைப் பார்த்தாள். காலை அவசரத்தில் கைக்கு அகப்பட்டதென்று மாட்டியது அந்தப் பழைய சாவியை. இரண்டு மணி நேரம் ராவியதில் பல் எல்லாம் தேய்ந்து, பல் குத்தும் குச்சியாகியிருந்தது. நாற்பது வருஷத்தில் மாதிரிச் சாவியை ராவித் தீர்த்தவள் என்ற பெயர் அவளுக்கு வந்ததில்லை. கத்துக்குட்டிகூடச் செய்யமாட்டான்.

"இருந்ததே இது ஒண்ணுதானேக்கா" என்றார் ரொட்டிக்கடைக்காரர், குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதை விடுங்க. இப்ப போய் இதையெல்லாம்... நான் கதவை உடைச்சுக்கறேன்."

"உடைக்கறதா?" அக்காவின் குரல் எகிறியது. துக்கம் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திடுக்கிட்டார்கள். "நான் உயிரோட இருக்கும்போது இந்தத் தெருவுல ஒருத்தர் கதவை உடைக்கறதா? நாளைக்குக் காலைல நானே வந்து திறக்கறேன். இன்னிக்கு யார்கிட்டயாவது மாவு கடன் வாங்கிக்கோங்க."

அதற்குள் டாக்டரும் வந்தார். தம்பியைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே அக்காவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நீங்க இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"அடுத்த வாரம் வரேன் டாக்டர். வந்து மேசைல படுத்துக்கறேன். எப்படி வேணும்னாலும் நறுக்கிக்கோங்க."

"பயமா இல்லையா?"

"இனிமே எனக்கென்ன பயம்? அந்த எட்டுல நான் ஒருத்தியா இருந்தாலும் யார் குடி முழுகப்போகுது?"

டாக்டர் புதிதாக மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒன்றை அங்கேயே விழுங்கவைத்துவிட்டுப் போனார்.

நாலரை மணிக்கு எடுத்தார்கள். தெருவே வந்திருந்தது. மருந்துக்கடைக்காரர், முடிதிருத்துகிறவர், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள். பெட்டியை ஆறு பேர் தூக்கினார்கள். தூக்க முடியாதவர்கள் விரலாலாவது தொட்டுக்கொண்டு நடந்தார்கள். பின்னால் அக்கா நடந்தாள், தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு. ஆனால் தலை குனியவில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பிள்ளையை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போகிற தாய்போல நிமிர்ந்து நடந்தாள்.

"பாவம், அடி பலம். பிரமை பிடிச்சிருக்கு" என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்தபோது வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சமையலறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பழக்கதோஷத்தில் அக்கா மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் தங்கைக்குத் தாங்கவில்லை.

"கடவுளுக்குக் காதே இல்லையாக்கா? ரெண்டு வருஷமா தினமும் நின்னியே. ஒரு பொம்பளை அவ்வளவு கெஞ்சியும் மனசு எறங்கலையே."

அக்கா மூன்றாவது தட்டைத் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

"இவன் நல்லா இருக்கணும்னு கேட்டிருப்ப. வேற என்ன?"

"இவன் எனக்கு முன்னால போகணும்னு கேட்டேன்."

தங்கை வாயில் வைத்த தண்ணீரை விழுங்க மறந்தாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். வால்வு, ஆறு மாசம், நூற்றுக்கு எட்டு, கைகழுவும் தொட்டி, வாய் கொப்பளித்தது. வேறு யாரிடமாவது சொன்னால் காறித் துப்புவார்களே என்று இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை இப்போது தலைவலிக்கு மாத்திரை வாங்கிய கதையைச் சொல்வதுபோலச் சொல்லிமுடித்தாள்.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இருக்கேனே?" தங்கை கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

தங்கைக்கு இரண்டு அறை வீடு, பட்டாசு மாதிரி ஒரு புருஷன், படுத்த படுக்கையாக ஒரு மாமியார். அக்காவுக்குத் தெரியாதா? தெரியும். தங்கையின் தட்டில் சோற்றை வைத்தாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நானும் வேண்டிட்டிருந்தேன்" என்றாள் தங்கை கடைசியில். "டாக்டர் எனக்கும் ஃபோன் பண்ணிச் சொன்னாரு, உன் நெஞ்சு விஷயத்தை. அன்னிலேர்ந்து தினமும். அக்கா நூறு வருஷம் இருக்கணும், நூறு வருஷம் இருக்கணும்னு. உனக்காக இல்லக்கா. எனக்காக. நீ போயிட்டா இவன் எங்க வீட்டுக்கு வந்துடுவானேன்னு. வந்தா நான் நல்லாப் பாத்துக்க மாட்டேன்னு எனக்கே தெரியும். அந்த பயத்துல வேண்டினேன். பஸ்ஸுல, ஸ்கூல்ல, பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது. என் வேண்டுதலை ஒரு வேண்டுதல்னு சொல்லவே எனக்கு வெக்கமா இருக்கு."

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறித் தங்கை எழுந்தாள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"அடிப்பாவி! அப்ப உன் தயவுலதான் நான் மூச்சு விட்டுட்டிருந்தேனா? நான் என்னவோ தனியா வண்டி இழுக்கறேன்னு நினைச்சேன். பின்னாலேர்ந்து நீ தள்ளிட்டே வந்திருக்கியேடி!"

"உனக்குக் கோவம் வரலையா?"

"எதுக்குக் கோவம்? நீ எதுக்காகத் தள்ளினா என்ன, வண்டி போய்ச் சேர்ந்துச்சா இல்லையா?"

தங்கையும் சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. இரண்டு வருஷமாக அவள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்போடு போயிற்று. ஆனால் சிரிப்பின் நடுவிலேயே சட்டென்று நின்றாள். ஆசிரியை அல்லவா, விட்டுப்போன புள்ளி கண்ணில் பட்டுவிட்டது.

"இருக்கா, இரு. நீ எவ்வளவு கேட்ட?"

"எதை?"

"அவனுக்கப்புறம் உனக்கு எவ்வளவு நாள் கேட்ட?"

"ஒரு நாள்."

"ஒரு நாளா! ஒரே ஒரு நாளா!" தங்கை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "கேக்கறதுதான் கேக்கற, பத்து வருஷம்னு கேட்டா என்ன? அவருக்கு என்ன கொறைஞ்சு போயிடும்? நீ கேட்டதையெல்லாம் எண்ணி எண்ணிக் கரெக்டாக் குடுக்கறாரே அந்த மனுஷன்! நாளைக்கு பதினொண்ணு பத்துக்கு என்ன ஆகும்?"

"நாளைக்குப் பத்தரைக்கு ரொட்டிக்கடைல வேலை இருக்கு" என்றாள் அக்கா. "அது வரைக்கும் என்னைத் தூங்க விடு."

படுத்தவள் கண்ணைத் திறந்தபோது சுவரில் வெயில் ஏறியிருந்தது. மணி ஏழரை. நினைவு தெரிந்து அவள் அவ்வளவு நேரம் தூங்கியதே இல்லை. தங்கை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்து.

"எத்தனை தடவ மூக்குல கை வெச்சுப் பாத்த?" என்றாள் அக்கா.

"எண்ணல" என்றாள் தங்கை கடுப்பாக.

பின்கட்டு வெறிச்சென்று இருந்தது. துவைக்க வேண்டிய அவன் சட்டை கொடியில் இருந்தது. அக்கா அதன் முன்னால் நின்றாள். எப்போதும் நிற்கிற நேரம்தான். கண்ணை மூடினாள். ஆனால் கேட்க ஒன்றும் வரவில்லை. கேட்ட சரக்கு முழுசாக வந்து இறங்கிவிட்டது. கண்ணைத் திறந்து, அந்தச் சட்டையைக் கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்திருந்துவிட்டு, கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

ரொட்டிக்கடையின் கோடவுன் கதவு அந்தக் காலத்துக் கனத்த மரம். கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு. அக்கா ஒரு காலி சாக்கை மடித்துப் போட்டு மண்டியிட்டாள். வளைந்த கம்பி இரண்டை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் தேடத் தொடங்கினாள். தங்கை பக்கத்தில் மாவு சலிக்கும் மேசையில் சாய்ந்து, கைக்கடிகாரத்தையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொட்டிக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூட்டைத் திறக்க ஏதோ நல்ல நேரம் பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்.

பத்து ஐம்பதுக்குப் பூட்டுக்குள் ஒரு தகடு எழும்பியது. பதினொன்றுக்கு அது மறுபடியும் விழுந்தது. அக்கா ஒரு கெட்ட வார்த்தையை வாய்க்குள் சொன்னாள். பதினொன்று ஐந்துக்குக் கம்பியை விட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். தங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா?"

"மூச்சு வாங்குது. சும்மா இரு."

பதினொன்று எட்டு. ஒன்பது. தங்கையின் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அக்காவின் விரல்கள் மறுபடி கம்பியைப் பிடித்தன. பதினொன்று பத்து.

"அக்கா."

"ம்."

"பதினொண்ணு பத்து ஆயிடுச்சுக்கா."

"ஆனா என்ன? பூட்டு இன்னும் திறக்கலையே. அந்த எண்ணெய்க் குப்பிய எடு."

தங்கை எடுத்துக் கொடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கொடுத்ததில் பாதி தரையில் சிந்தியது. பதினொன்று பன்னிரண்டு. பதினைந்து. தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடன் வாங்கி வைத்திருந்த ஒரு மாவு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையாகப் புகை எழும்பியது. பதினொன்று இருபதுக்குப் பூட்டு கடகடவென்று இளகிக் கொடுத்தது. அக்கா கதவைத் தள்ளிவிட்டு, மண்டியிட்ட காலை நீட்டமுடியாமல் அப்படியே மூட்டைமேல் தங்கைக்குப் பக்கத்தில் சாய்ந்தாள்.

ரொட்டிக்கடைக்காரர் இரண்டு டம்ளரில் டீயும் ஒரு தட்டில் பன்னும் கொண்டுவந்து வைத்தார். கூலியைப் பற்றிப் பேச வாயெடுத்தவரை அக்கா கையைக் காட்டி அடக்கினாள்.

"சாயங்காலம் எனக்கு என்ன வேலை?" என்று கேட்டாள், தங்கையைப் பார்த்து. தெரியாமல்தான் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்ல."

அக்கா யோசித்தாள். கேட்டது ஒரு நாள். அது இருபது நிமிஷத்துக்கு முன்னாலேயே தீர்ந்துபோயிற்று. இப்போது அதற்குமேல் வந்து விழுந்துகொண்டிருப்பது அவள் கேட்காதது. இதற்கு என்ன சொல்வது, யாரிடம் எப்படித் தலையசைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே மூட்டையில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

தங்கைக்குப் புரிந்துவிட்டது. "இந்தத் தடவையாவது கஞ்சத்தனம் பண்ணாதே. நெறைய கேளு" என்று அதட்டினாள்.

அக்காவின் உதடு அசையத் தொடங்கியது. வழக்கமாக மூன்றே வாக்கியத்தில் முடிகிற விஷயம். இது முடிகிற வழியாக இல்லை. அடுப்பிலிருந்து அடுத்த தட்டு ரொட்டி வெளியே வந்தது. யாரோ இரண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தங்கை அக்காவின் டம்ளரை எடுத்து, டீ ஆறிவிடாமல் ஒரு சின்னத் தட்டால் மூடி வைத்தாள்.